சுவிட்ச் மேல் ஒட்டிய டேப்

குமார், நீ கேட்ட ஃப்ளாஷ் பெட்டி இந்தக் கடிதத்தோடு வரவில்லை. வரவும் வராது. ஞாயிற்றுக்கிழமை நீ கோலாலம்பூரிலிருந்து போன் செய்து, புது டிஜிட்டல் கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்ட ஒரு தடம் இருக்கிறது, அப்பாவின் பழைய ஃப்ளாஷ் அதில் கச்சிதமாக உட்காரும், யார் வந்தாலும் கொடுத்தனுப்புங்கள் என்று சொன்னபோது நான் சரி சரி என்று தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் உனக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல முடியவில்லை, அதுதான் உண்மை. போன் பக்கத்து நாற்காலியில் உன் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் சொல்ல வேண்டியது அவர் காதில் விழக்கூடாத விஷயம் என்று அன்றைக்கு வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அனுப்பாததற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று உன் கேமராவைப் பற்றியது, அதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். இன்னொன்று இருபத்து மூன்று வருடமாக நான் வயிற்றில் கட்டிக்கொண்டு திரிகிறது. உன் சித்தி உன் அப்பாவோடு ஏன் பேசுவதில்லை என்று சின்ன வயதில் நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். நானும் ஏதாவது சொல்லி மழுப்புவேன். தப்பு அப்பா மேல் இல்லை, என் மேல். இன்னும் மூன்று வாரத்தில் சித்தி மகள் செல்விக்குக் கல்யாணம், படம் எடுக்கப் போகிறவன் நீ. நீ போய் நிற்பதற்குள் நான் சித்தியிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை போகிறேன். கேட்ட பிறகு அவள் உன்னையும் கேமராவோடு வாசலில் நிறுத்தினாலும் நிறுத்துவாள், என் முகத்திலேயே விழிக்காமல் போனாலும் போவாள். அதற்கு முன்னால் உனக்கு எழுதிவிடுகிறேன், பிறகு தைரியம் இருக்காது.

முதலில் சின்ன விஷயம். பாயான் லெப்பாஸ் சில்லுக் கம்பனியில் இருபத்தைந்து வருடமாக டெஸ்டிங் லைனில் நிற்கிறவளின் மகன், ஒரு பொருளை அளந்து பார்க்காமல் இன்னொன்றின் மேல் மாட்டலாமா? திங்கட்கிழமை காலை அந்த ஃப்ளாஷை சாப்பாட்டுப் பையில் போட்டு கம்பனி பஸ்ஸில் எடுத்துப் போனேன். எங்கள் டெக்னீஷியன் ரஹீம் பேட்டரி போட்டு அதன் அடிக்கால் உலோகத்தில் மீட்டரை வைத்தவுடன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். இருநூறு வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டியது. அப்பாவின் ஃபிலிம் கேமராவில் உள்ளே இரண்டு தகடு தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான், அது எத்தனை வோல்ட்டையும் தாங்கும். உன்னுடையதில் இருப்பது நாங்கள் நாள் முழுக்கக் கையுறை போட்டுத் தொடுகிற மாதிரிச் சில்லு. நாலைந்து வோல்ட்டில் வேலை செய்கிற சில்லுக்கு இருநூறைக் கொடுத்தால் முதல் படத்திலேயே கருகிவிடும். வருடம் முழுக்க மிச்சம் பிடித்து வாங்கிய கேமராவைக் கல்யாண வீட்டில் கருக்கிவிட்டு நிற்காதே.

இனி பெரிய விஷயம். உனக்கு அப்போது இரண்டு வயது. அப்பா துறைமுக ஆபீசில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னோடு வேலை செய்கிறவர்களின் கல்யாணத்துக்குப் படம் எடுத்துக் கொடுப்பார். ஃப்ளாஷைக் கேமரா தலையில் மாட்டினால் முகம் சப்பையாக, உரித்த முட்டை மாதிரி வெளுத்து விழுகிறது என்று அவருக்கு ஒரே குறை. அதனால் நீள ஒயர் போட்டு ஃப்ளாஷை என் கையில் கொடுத்துவிடுவார். நான் அவருக்கு இடப்பக்கம் ஓர் எட்டு தள்ளி, கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பேன். அவர் கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டே வலது, இடது, இன்னும் உயரம் என்று முணுமுணுப்பார். கல்யாண வீட்டில் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், கணவன் போகிற இடத்துக்கெல்லாம் மனைவி விளக்கைத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சித்தி என்னைவிட ஐந்து வயது சின்னவள். அம்மா இல்லாத வீட்டில் அவளுக்குத் தலை பின்னிவிட்டதும் நான்தான், வேலை வாங்கிக் கொடுத்து லைனில் என் பக்கத்தில் நிறுத்தியதும் நான்தான். அவள் கல்யாணம் முடிவாகி இரண்டு மாதத்தில் எங்கள் அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு அசைய முடியாது. கல்யாணத்தைத் தள்ளி வைக்க மாப்பிள்ளை வீட்டார் ஒப்பவில்லை. அப்பா கோணிப்போன வாயால் உன் அப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று, சின்னவளுக்குத் தாலி கட்டுவதை எனக்குப் படத்தில் காட்டுங்கள் மாப்பிள்ளை என்றார். உன் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அது என் பொறுப்பு என்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.

கோயில் மண்டபத்தில் கூட்டம். உயரமான கூரை, மேலே தகரம், பக்கமெல்லாம் பச்சை பெயிண்ட். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல என் கையிலிருந்த ஃப்ளாஷ் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு கொசு மாதிரி ரீங்காரம் போட்டு சார்ஜ் ஏறும். மாப்பிள்ளையின் பெரியப்பா இரண்டு தடவை திரும்பி முறைத்தார். உன் அப்பாவும், பேட்டரியை மிச்சம் பிடி, தாலிக்கு வேண்டும் என்று சொல்லியிருந்தார். தாலிக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று சுவிட்சை அணைத்தேன். கம்பனியில் எங்களுக்குப் பழக்கிவிட்ட பழக்கம் அது, மெஷின் சும்மா நின்றால் அணை, வேலை வந்தால் போடு. யாரோ தட்டில் அட்சதை கொண்டு வந்து நீட்டினார்கள். கூடப் பிறந்தவள் கல்யாணம், அம்மா ஸ்தானத்தில் நான் போடாமல் யார் போடுவது என்று வலது கை நிறைய அள்ளிக்கொண்டேன். ஃப்ளாஷ் இடது கைக்குப் போனது. அதற்குள் ஐயர் விரலை ஆட்டிவிட்டார், கெட்டி மேளம் இடித்தது.

நான் கையை உயர்த்தினேன், குமார். இடது கையில் ஃப்ளாஷை உயர்த்திக்கொண்டு வலது கையால் அட்சதையைத் தூவினேன். கண் முழுக்கத் தண்ணீர். ஃப்ளாஷ் தயாரா என்று தெரிய, காதில் விழும் ரீங்காரம்தான் எனக்கு எப்போதும் அடையாளம். கெட்டி மேளத்தில் எது கேட்கும்? பின்பக்கம் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. உன் அப்பா அமுக்கினார், வெளிச்சம் வரவில்லை. மறுபடி அமுக்கினார். மூன்றாவது தடவை அமுக்கிவிட்டுக் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெருவிரலால் சுவிட்சைத் தள்ளினேன். ஏறுவதற்குப் பத்து நொடி வேண்டும். அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்து, நாத்தனார் கையை எடுத்துவிட்டாள்.

தப்பு நடந்தது அந்தப் பத்து நொடியில். அது யாருக்கும் நேரும், அதற்காக நான் இத்தனை பக்கம் எழுத மாட்டேன். அதற்கு அடுத்து நான் செய்ததுதான் பாவம். அப்பா குனிந்து என்ன ஆச்சு என்று கேட்டார். சுற்றிலும் ஆட்கள். நான் வாய் கூசாமல், "பேட்டரி போயிருச்சு போல" என்றேன். அவர் பையிலிருந்து வேறு பேட்டரி எடுத்துப் போட்டார். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர், இன்னொரு தடவை கட்டுகிற மாதிரி பிடியுங்கள், படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். கட்டிய தாலியை இன்னொரு தடவை தொடுவதா, வீட்டுக்கு ஆகுமா என்று அவர் போட்ட சத்தத்தில் மண்டபமே அடங்கிவிட்டது. யார் தப்பு என்று கேள்வி வந்தது. உன் அப்பா கையைத் தூக்கினார். என் தப்புதான், பேட்டரி பழசு, நான் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்றார்.

மூன்று படத்திலும் குத்துவிளக்கின் சுடர் மட்டும் புள்ளியாக விழுந்திருந்தது. மற்ற படங்களை ஆல்பம் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். எங்கள் அப்பா நல்ல கையால் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். கடைசிப் பக்கம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். "தாலி கட்டுற படம் எங்கம்மா?" என்று என்னைத்தான் கேட்டார். பேட்டரி போய்விட்டது அப்பா என்று அவரிடமும் அதே பொய்யைச் சொன்னேன். ஒரு மாதத்தில் போய்விட்டார். கருமாதி அன்று சித்தி எல்லாருக்கும் நடுவில் உன் அப்பாவைப் பார்த்து, ரெண்டு வெள்ளிப் பணத்தை மிச்சம் பிடிக்கப் பேட்டரிக்குக் கணக்குப் பார்த்த மனுஷன் என் கல்யாணத்தையும் எங்கப்பா ஆசையையும் சேர்த்து இருட்டாக்கிவிட்டார் என்று சொன்னாள். அதுதான் அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசிய கடைசிப் பேச்சு. அவரோடு அன்றிலிருந்து பேசவே இல்லை. தீபாவளிக்கு நாம் ஃபெரியில் அக்கரைக்குச் சித்தி வீட்டுக்குப் போனால் அப்பா மட்டும் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஃபெரியடியிலேயே நின்றுவிடுவாரே, உனக்கு ஞாபகம் இருக்கும். இந்தத் தடவைகூட, செல்வி கல்யாணத்துக்குக் குமார் எடுக்கட்டும், ஆனால் அத்தான் கேமரா பக்கம் வரக்கூடாது என்று எனக்குப் போன் செய்து சொன்னாள். நான் அதை அப்படியே வந்து இவரிடம் சொன்னேன். சரி, நான் பந்தியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தும் என் வாய் திறக்கவில்லை. எவ்வளவு கெட்டிக்காரி பார் உன் அம்மா.

நீ போன் செய்த அன்று மத்தியானம் அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்தேன். என் கம்பனியிலிருந்து கொண்டு வந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை நாலு மூலையிலும் போட்டு, பினாங்கு மழைக்குப் பூசணம் பிடிக்காமல் அத்தனை பத்திரமாக வைத்திருக்கிறார். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு ஃப்ளாஷை என் கையில் அவர் கொடுத்ததே இல்லை. ஓர் இரும்புப் பட்டையில் மாட்டித் தானே பிடித்துக்கொண்டு இரண்டு வருடம் போல எடுத்தார், பிறகு விட்டுவிட்டார். பழி வந்ததால் படத்தொழில் மேலேயே கோபம் என்று நினைத்திருந்தேன். பெட்டியைத் திறந்து ஃப்ளாஷைத் திருப்பிப் பார்த்தேன். சுவிட்ச் போட்டபடி இருந்தது, அதன் மேல் கறுப்பு டேப் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தது. யாரும் தெரியாத்தனமாகக்கூட அணைத்துவிட முடியாது.  அப்பா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். ஃப்ளாஷை அவர் முன்னால் வைத்து, யார் ஒட்டினது என்று கேட்டேன். நான்தான் என்றார். எப்போது என்றேன். உன் தங்கச்சி கல்யாணத்துக்கு மறுநாள் என்றார்.

"அப்ப ஒங்களுக்குத் தெரியுமா?"

"மூனாவது தடவ அமுக்கிட்டு ஒன்னத்தானே பாத்தேன். ஒன் பெருவிரல் நகர்ந்துச்சி."

"ஏங்க அப்பவே சொல்லல?"

அவர் உன் பழைய சட்டை ஒன்றை மடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "சொன்னா அவ ஒங்கூடப் பேச மாட்டா. அவள விட்டா ஒனக்கு யாரு இருக்கா? எங்கூடப் பேசாட்டி என்ன லா."

நான் அழுதேன். அவர் எழுந்து போய் தேத்தண்ணி கலக்கிக் கொண்டு வந்து வைத்தார், அதற்கு மேல் அவருக்கு எதுவும் செய்யத் தெரியாது. சித்தியிடம் போய்ச் சொல்லப் போகிறேன் என்றேன். வேண்டாம், கல்யாணம் நடக்கிற வீடு, இத்தனை வருடம் போனது போகட்டும் என்றார். அவர் பேச்சை நான் கேட்கப் போவதில்லை. உனக்கும் இதைத்தான் சொல்கிறேன். நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள். அவள் தப்பை நீ உன் தலையில் போட்டுக்கொண்டால் அது பெரிய மனசு என்று ஊர் சொல்லும். ஆனால் அவளுக்குத் தெரியும்படி போட்டுக்கொள். தெரியாமல் சுமந்தால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் தனித்தனியாக அதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

சித்தி உன்னை எடுக்க விடுவாளா என்று தெரியாமலேயே ஃப்ளாஷைப் பற்றியும் எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் சனிக்கிழமை வரை எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். கடைக்கு வெறுங்கையோடு போகாதே. கேமராவை எடுத்துப் போ, ஃப்ளாஷை அதன் தலையில் மாட்டி அங்கேயே பத்துப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்கு. எத்தனை தூரம் வெளிச்சம் பாயும் என்று பெட்டியில் பெரிய எண்ணாகப் போட்டிருப்பான், அதைப் பாதியாக நம்பு. தலை மேலேயும் பக்கவாட்டிலும் திரும்புகிறதா பார். வீட்டுக்குள் வெள்ளைக் கூரையில் அடித்துத் திருப்பினால் முகம் அழகாக வரும். ஆனால் செல்வி கல்யாணமும் நடக்கப் போகிற அதே மண்டபத்தில் அந்த வித்தை பலிக்காது, கூரைக்குப் போன வெளிச்சம் திரும்பி வராது, பச்சைச் சுவரில் அடித்தால் செல்விக்குப் பச்சை முகம்தான் கிடைக்கும். அதனால் நேராக அடித்தாலும் ஏழெட்டு அடி தாண்டிப் போகிற பலம் வேண்டும். தானாகவே அளவு பார்த்துக்கொள்ளும் என்று கடைக்காரன் புகழ்வான். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியும் பெண்ணின் ஜரிகையும் ஒன்றாக வந்தால் அது ஏமாந்துவிடும், நாமே பலத்தைக் கூட்டிக் குறைக்க வழி இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று. இந்தக் காலத்து ஃப்ளாஷ் பேட்டரியை மிச்சம் பிடிக்க இரண்டு மூன்று நிமிடத்தில் தானே அணைந்து தூங்கிவிடுகிறது என்று ரஹீம் சொன்னான்.  என்னைப் போலவே ஒன்றைச் செய்து கடையில் விற்கிறார்கள். அந்தத் தூக்கத்தை நிறுத்தி வைக்க முடிகிறதா என்று கேட்டுவிட்டு வாங்கு. முடியாது என்றால் அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். தயார் என்று காட்டும் விளக்கு பின்பக்கம் பளிச்சென்று தெரிய வேண்டும், ஐயர் தாலியைத் தட்டில் சுற்றுக்கு அனுப்பும்போதே அதைப் பார்த்துவிடு, காதை நம்பாதே. புதுப் பேட்டரி மூன்று ஜோடி வைத்துக்கொள். உன் கேமரா அமுக்கிக் கொஞ்சம் தாமதித்துத்தான் எடுக்கிறது என்றாயே, கெட்டி மேளம் தொடங்குவதற்கு ஒரு மூச்சு முன்னால் பாதி அமுக்கித் தயாராக இரு.

இதுவரை புதன்கிழமை எழுதியது. இன்று சனிக்கிழமை, அங்கே போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

பசியாறாமலேயே கிளம்பினேன். ஃபெரியில் நிற்கும்போது இப்படியே அடுத்த ஃபெரியில் திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. சித்தி இருக்கும் புக்கிட் தெங்காவுக்குப் போகிற பஸ்ஸிலும் அதே யோசனைதான். சித்தி கூடத்தில் தரையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைகளுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நல்ல நேரத்தில் வந்தாய், நீயும் தடவு என்று ஒரு கட்டைத் தள்ளினாள். நான் அதைத் தொடவில்லை. நின்றபடியே சொன்னேன். அட்சதை, சுவிட்ச், பெருவிரல், அப்பாவிடம் சொன்ன பொய், டேப், எதையும் விடவில்லை. சொல்லி முடிக்கும்போது அவள் கையில் ஒரு பத்திரிகை இருந்தது. மூன்று மூலை தடவியிருந்தாள். நாலாவது மூலையையும் நிதானமாகத் தடவிவிட்டுக் கீழே வைத்தாள்.

"அப்பா சாவுற வரைக்கும் அந்தப் படத்தத் தேடுனாரு. நீ பக்கத்துலதான் நின்ன."

ஆமாம் என்றேன்.  அவள் எழுந்தாள். அடிப்பாளோ என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மஞ்சள் கையோடு போனை எடுத்து நம் வீட்டு நம்பரைச் சுழற்றினாள். அந்தப் பக்கம் உன் அப்பா எடுத்தார். "அத்தான்" என்றாள். இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகு. உன் அப்பா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. இவள் அழுதுகொண்டே இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "செல்வி கல்யாணத்துல குமாருக்கு லைட்ட நீங்கதான் புடிக்கணும். பந்தியெல்லாம் வேற ஆளு பாத்துக்குவாங்க." போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலேயே, நீ கேமரா பக்கம் வரக்கூடாது அக்கா என்றாள். காப்பி குடிக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை. நான் செருப்பைப் போடும்போது மட்டும் ஒரு பத்திரிகையைக் கொண்டு வந்து நீட்டி, இதை அத்தான் கையில் கொடு என்றாள்.

வீட்டுக்கு வந்து பத்திரிகையை அப்பாவிடம் கொடுத்தேன். மூலையில் இன்னும் காயாத மஞ்சள் அவர் விரலில் ஒட்டியது. அதைத் துடைக்காமலேயே என்னிடம் கேட்டது, குமார் ஒயர் எத்தனை அடி வாங்குகிறான் என்று. ஆகவே தம்பி, கடையில் கேமராவுக்கும் ஃப்ளாஷுக்கும் நடுவில் போடுகிற ஒயரையும் மறக்காமல் கேட்டு வாங்கு, ஆறு அடிக்குக் குறையாமல். அவர் உயரமாகப் பிடிப்பார், வலது இடது என்று நீ முணுமுணுத்தால் போதும். நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருப்பேன். சித்தி என்னோடு பேசுவாளோ மாட்டாளோ, அது அவள் இஷ்டம். இந்தத் தடவை என் கையில் அட்சதை மட்டும்தான் இருக்கும்.